திடீர்க் கஷ்டத்துக்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?
மாதச் சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது, திடீரென்று வேலையோ உடம்போ கைவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதைச் சேர்க்கவே வருஷக்கணக்கில் ஆகும்.

காசு செலவில்லாத வேலையை முதலில் முடியுங்கள்: பி.எஃப். நாமினி. கல்யாணத்துக்கு முன்னால் தம்பி பெயரைக் கொடுத்திருந்தால், கல்யாணம் ஆனதும் அது செல்லாது, பி.எஃப். கணக்கைப் பார்க்கும் இபிஎஃப்ஓ அமைப்பின் தளத்தில் புதிதாகப் பதிய வேண்டும். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் பி.எஃப்.போடு சேர்ந்து வரும் ஆயுள் காப்பீடான இடிஎல்ஐ திட்டத்தில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதற்கு உங்கள் சம்பளத்தில் பிடித்தமே இல்லை, முதலாளிதான் கட்டுகிறார், அதனாலேயோ என்னவோ பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேலையை விடும்போது கம்பெனி கொடுக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும் என்பார்கள், இறப்பு என்றால் அந்த நிபந்தனை கிடையாது. இதையெல்லாம் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள், அவர் போய்க் கேட்டால்தானே வரும்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுக்கும் பாலிசி வேலை போன அன்றே போய்விடும். சர்க்கரை, பிரஷர் வந்தபிறகு தனியாக எடுத்தால் அந்த நோய்களுக்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே சின்னதாக ஒன்று எடுத்துவிடுங்கள். விபத்துக்கு மட்டும் என்றால் வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய்க்கு பிரதமரின் சுரக்ஷா பீமா இருக்கிறது, 2 லட்சம் கவரேஜ்.

ஆபீஸில், நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் எந்த வேலை நின்றுபோகுமோ அதை மட்டும் எழுதிப் பக்கத்து சீட்காரரிடம் கொடுத்து வையுங்கள். அது போதும்.