அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு விழித்திரை வீங்குமாமே, தள்ளிப் போடலாமா?

வீங்குமோ என்ற பயத்துக்காக மட்டும் தள்ளிப் போடாதீர்கள். புரை முற்றினால் அறுவை கடினமாகும். அதோடு, சர்க்கரைக்காரர்களின் விழித்திரையை மருத்துவர் உள்ளே பார்த்துக் கண்காணிக்க முடியாதபடி புரை மறைத்துக்கொள்ளும்.

ஆனால் நான் பதில் எழுத வந்தது, கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருந்த வரியைப் பார்த்துத்தான். "சொட்டு மருந்தைச் சரியாகப் போடாவிட்டால் வீங்கும் என்கிறார்கள், வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நானும் வாங்கியவள்.

என் மாமியாருக்கும் சர்க்கரை உண்டு. வலது கண்ணில் அறுவை முடிந்து சில நாளிலேயே செய்தித்தாளைத் தானாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் பாதியில் மடித்து வைத்தார். "நடுவுல மட்டும் எழுத்து கலங்குதும்மா, ஓரத்துல நல்லாத்தான் இருக்கு" என்றார். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொன்னேன். நடுக் கம்பி வளைந்து தெரிகிறது என்றார்.

அன்றே விசாரணை தொடங்கிவிட்டது. நாத்தனார் போனில், "மருந்தை நேரத்துக்குப் போட்டியா?" என்றார். பார்க்க வந்தவர்கள், தலைக்குக் குளிக்க விட்டாயா, டிவி பார்க்க விட்டாயா, குனிய விட்டாயா என்று வரிசையாகக் கேட்டார்கள். எந்தச் சொட்டு எந்த நேரம் என்று எழுதி, போட்டதும் குறித்து வைத்த தாள் அவர்கள் கண்ணெதிரே சுவரில் ஒட்டியிருந்தது. ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை.

மருத்துவமனையில் முதலில் பார்த்தவர், "லென்ஸ் நல்லா உட்கார்ந்திருக்கு, வயசாச்சு இல்லையா, பழகிடும்" என்றார். போன வாரம் படித்தவருக்கு இந்த வாரம் எப்படி வயதாகும்? விழித்திரை மருத்துவர் பார்க்காமல் போகமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஓசிடி ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணைத் தொடாமல் ஒளியை வைத்தே விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் படம் அது. கூர்மையாகப் பார்க்க உதவும் நடுப்பகுதியான மாகுலாவில் சின்னக் குழி ஒன்று இருக்க வேண்டும். அத்தையின் படத்தில் அந்த இடம் மேடாக உப்பி, உள்ளே கருப்புக் கருப்பாக நீர்க்கொப்புளங்கள் தெரிந்தன.

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அறுவையின்போது கண்ணுக்குள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற அழற்சிப் பொருள்கள் சுரக்கின்றன. அவை விழித்திரையின் நுண்குழாய்களைக் கசிய வைக்கின்றன, கசிந்த நீர் மாகுலாவில் தேங்குகிறது. 1953லேயே இர்வின் என்ற கண் மருத்துவர் இதை விவரித்துவிட்டார். 1966ல் காஸும் நார்ட்டனும் சாயம் செலுத்திப் படமெடுத்து அந்தக் கசிவைக் காட்டினார்கள். அதனால்தான் இதற்கு இர்வின்–காஸ் என்று பெயர். இன்றைய அறுவை முறையில், பார்வையைப் பாதிக்கும் அளவுக்கு வீங்குவது சுமார் 100 பேரில் 1 அல்லது 2 பேருக்கு. பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் தலைகாட்டும். முதல் வாரப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்களே என்று நிம்மதியாக இருக்கும் நேரம் அது.

சர்க்கரை, அதிலும் விழித்திரையை ஏற்கெனவே பாதித்த சர்க்கரை இருந்தால் ஆபத்து கூடும். கண்ணுக்குள் முன்பு அழற்சி வந்திருந்தாலும், விழித்திரை இரத்தக்குழாயில் அடைப்பு இருந்திருந்தாலும், மாகுலாவின் மேல் சவ்வு படர்ந்திருந்தாலும், அறுவையில் லென்ஸின் பின்உறை கிழிந்தாலும் அப்படியே. கண் அழுத்தத்துக்கு லாட்டனோபிராஸ்ட் போன்ற சொட்டு போடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது.

சொட்டு மருந்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படித் திரித்துக்கொள்ள வேண்டாம். அழற்சியை அடக்கும் சொட்டுகள் வீக்கத்தின் வாய்ப்பைக் குறைக்கின்றன, ஒரு வேளைகூட விடாமல் போடுங்கள். ஆனால் ஒன்றுவிடாமல் போட்டாலும் சிலருக்கு வீங்கத்தான் செய்யும். அறுவை செய்தவர் கையிலும் குற்றம் இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் கையிலும் இருக்க வேண்டியதில்லை.

அழற்சியை அடக்கும் நெப்பாஃபெனாக் சொட்டும் ஸ்டீராய்டு சொட்டும் தந்தார்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் இடையிடையே அழுத்தம் பார்த்தார்கள், ஆகவே பழைய சீட்டைக் காட்டித் தொடர்ந்து வாங்கிப் போடும் வேலை வேண்டாம். சொட்டுக்குக் கேட்காதவர்களுக்கு ஊசி உண்டு. அத்தைக்கு அது தேவைப்படவில்லை, சில மாதங்களில் மெல்ல வடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வடிகிறது. இப்போது மறுபடி முழுத் தாளையும் படிக்கிறார். விசாரித்தவர்களில் யாரும் திரும்பக் கூப்பிட்டு, "அன்னைக்கு உன்னைச் சொன்னது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற தாய்க்கு ஒரு வேளை சொட்டு விட வராதவர்களுக்கு மருமகளைக் கேள்வி கேட்க மட்டும் நேரம் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் மருத்துவர் இல்லை. உங்கள் அம்மாவின் கண்ணைப் பார்த்தவர் சொல்வதுதான் கணக்கு. இந்த வீக்கம் வலிக்காது, மெதுவாக வரும். அறுவைக்குப் பின் வலியும் சிவப்புமாகப் பார்வை குறைந்தாலோ, மின்னல் வெட்டுவது போலவோ திரை இறங்குவது போலவோ தெரிந்தாலோ அது வேறு விஷயம், அன்றைக்கே ஓட வேண்டும்.

அத்தையின் இரண்டாவது கண்ணுக்கு, முதல் கண் வீங்கியதைச் சொன்னதால் அறுவைக்கு முன்பிருந்தே சொட்டு தொடங்கினார்கள், அது வீங்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு முதலில் விழித்திரையைப் பரிசோதிக்கக் கேளுங்கள், ஓசிடியும் எடுக்கச் சொல்லுங்கள். மாகுலாவில் ஏற்கெனவே நீர் இருந்தால் அதைக் கவனித்துவிட்டு அறுவைத் தேதியைக் குறிக்கலாம். அதே கையோடு ஆறாவது வாரத்துக்கும் ஒரு பரிசோதனைக்கு நாள் வாங்கிவிடுங்கள்.