கண்ணிலிருந்து ஒரு சாவி: பயோமெட்ரிக் பாதுகாப்பு பற்றிக் கேள்வி பதில்

கைரேகை, கண், முகம் போன்ற உடல் அடையாளங்களை வைத்து ஆளை அறியும் பயோமெட்ரிக் முறை பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் இந்தத் துறையில் ஆராய்ச்சி மாணவனாக நுழைந்து, அப்புறம் பாடம் நடத்தப் போனவன். பெரிதாக எதையும் கண்டுபிடித்தவன் அல்ல. மற்றவர்கள் செய்த நல்ல வேலையை விளக்கத் தெரியும், அவ்வளவுதான்.

கேள்வி: சார், கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் ஹாஷ் செய்துதான் வைக்கிறார்கள். கைரேகையையும் அதே மாதிரி ஹாஷ் செய்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

தீராது. இந்தத் துறை பிறந்ததே இந்தக் கேள்வியில்தான்.

ஹாஷ் என்பது அரைத்த மாவு மாதிரி. மாவைப் பார்த்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதே அரிசியைப் போட்டால் அதே மாவு வரும். கடவுச்சொல்லுக்கு இது பொருந்துகிறது, ஏனென்றால் நீங்கள் தினமும் தட்டுவது அதே எழுத்துகள். விரல் அப்படியா? இன்றைக்கு அழுத்தி வைப்பீர்கள், நாளைக்குச் சாய்த்து வைப்பீர்கள், நாளன்றைக்கு ஈரக்கையோடு வருவீர்கள். உள்ளே போவதில் ஒரே ஒரு பிட் (கணினியின் 0 அல்லது 1) மாறினாலும் வெளியே வரும் ஹாஷ் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ரகசியத்தைக் கணிதத்தால் பூட்டும் கிரிப்டோகிராஃபி அச்சு அசலாகக் கேட்கிறது. உடம்போ எதையும் இரண்டாவது முறை அச்சு அசலாகத் தராது.

கேள்வி: இந்த முரண்பாட்டை யாராவது தீர்த்திருக்கிறார்களா? நான் பொறியியல் படித்தவன், கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

விரிவாகச் சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது, விடமாட்டேன்.

ஒரு ரகசியச் சாவியை, பிழை வந்தாலும் திருத்திக்கொள்ளும் குறியீடாக மாற்றி, உடல் அடையாளத்தோடு கலந்து மறைப்பது: இந்த அடிப்படை யோசனை 1999-ல் ஆரி ஜூல்ஸ், மார்ட்டின் வாட்டன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் சொன்னது. அதை உண்மையான கண்களில் ஒழுங்காகச் செய்து காட்டிய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 2006-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெங் ஹாவ், ராஸ் ஆண்டர்சன், ஜான் டாக்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு. கருவிழி அடையாள முறையை உருவாக்கியவரே டாக்மன்தான். ஆண்டர்சன் எந்தப் பாதுகாப்பு அமைப்பைப் பார்த்தாலும் முதலில் அதன் ஓட்டையைத் தேடுகிற ஆள். நல்ல ஜோடி. இருவரும் 2024-ல் சில மாத இடைவெளியில் காலமானார்கள்.

டாக்மனின் முறையில் ஒரு கருவிழி 2048 பிட்களாக மாறும். ஒரே கண்ணை இரண்டு தடவை படம் எடுத்தால் 10 முதல் 20 சதவீத பிட்கள் மாறியிருக்கும். வேறு வேறு ஆட்களின் கண்கள் என்றால் கிட்டத்தட்ட பாதி பிட்கள் மாறியிருக்கும். இந்த இடைவெளியைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

முதலில் கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாமல் 140 பிட் சாவி ஒன்றை, அதாவது தகவலைப் பூட்டித் திறக்கும் எண் வரிசையை, தற்போக்காக உருவாக்குகிறார்கள். அதை 7 பிட் கொண்ட 20 துண்டுகளாக்கி, ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்தக் குறியீட்டு முறையில் 32 துண்டுகளாகப் பெருக்குகிறார்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் ஹடமார்ட் என்ற இன்னொரு பிழைதிருத்த முறையில் 64 பிட்களாக நீட்டுகிறார்கள். 32 தடவை 64, சரியாக 2048. இதை அந்த ஆளின் கண் குறியீட்டோடு பிட்டுக்குப் பிட் எக்ஸார் செய்து (இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1; அதையே மறுபடி செய்தால் பழையது திரும்பும்), வருவதை ஸ்மார்ட் கார்டில் எழுதுகிறார்கள். கூடவே சாவியின் ஹாஷ், பிறகு மீட்கும் சாவி சரிதானா என்று பார்க்க. கண் படமும் சாவியும் குப்பைக்குப் போய்விடும்.

அந்த ஆள் திரும்ப வந்து கண்ணைக் காட்டும்போது கார்டில் இருப்பதோடு மறுபடி எக்ஸார் செய்தால், பழைய நீட்டிய சாவி அங்கங்கே பிழையோடு வெளியே வரும். இமை மயிர், விளக்கின் பளபளப்பு போன்றவை ஒரே இடத்தில் கொத்தாகக் கெடுக்கும். கேமராவின் சின்னச் சின்ன இரைச்சல் எங்கும் தூவினாற்போல் கெடுக்கும். இரண்டு அடுக்கு வைத்ததன் காரணமே இதுதான். 64 பிட்டில் 15 வரை தவறினாலும் ஹடமார்ட் சரிசெய்துவிடும். ஒரு துண்டு முழுக்க நாசமானாலும் 6 துண்டுகள் வரை ரீட்-சாலமன் பார்த்துக்கொள்ளும். பெட்டிக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு மூலை கிழிந்திருந்தாலும் ஸ்கேன் ஆகிறதே, அதற்குள் இருப்பதும் இதே ரீட்-சாலமன்தான்.

70 கண்கள், கண்ணுக்குப் 10 படங்கள் வைத்துச் சோதித்தார்கள். உரியவருக்கே சாவி கிடைக்காமல் போனது 0.47 சதவீதம்.

கேள்வி: அப்படியென்றால் 140 பிட் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அதை அந்த ஆய்வுக் கட்டுரையே சொல்லிவிடுகிறது என்பதால்தான் எனக்கு அதன் மேல் மரியாதை. கருவிழியின் பிட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. 2048 இருந்தாலும் தனித்தனியாக மாறுவது 249 பிட் அளவுக்குத்தான். கார்டு திருடனிடம் சிக்கி, அந்தச் சார்பு முழுவதும் அவனுக்குத் தெரிந்திருந்தால், அவன் செய்ய வேண்டிய முயற்சி 2-இன் 44-ஆம் அடுக்கு. அதாவது சுமார் 17.6 லட்சம் கோடி. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் கணினிக்கு மலைப்பான வேலை இல்லை. அதனால் கண், கார்டு இரண்டோடு ஒரு கடவுச்சொல்லையும் சேர்க்கச் சொன்னார்கள்.

கேள்வி: எங்கள் அப்பாயிக்கு 78 வயது. ரேஷன் கடையில் பாதி நாள் கைரேகை விழுவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தப்பு யாருடையது?

அப்பாயியுடையது இல்லை. வயதாக ஆகத் தோல் உலர்ந்து ரேகை மேடுகள் தேய்ந்துவிடும். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கை, சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த கை என்றால் இன்னும் சீக்கிரம். எந்த இயந்திரத்துக்கும் ஒரு வரம்பு வைத்தாக வேண்டும். இறுக்கினால் உரியவரே வெளியே நிற்பார், தளர்த்தினால் அடுத்தவன் உள்ளே வந்துவிடுவான். இரண்டும் ஒரேயடியாகக் குறையாது. ஆகவே ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி வைக்காமல் ஓர் அமைப்பைத் தொடங்குவது என் கணக்கில் அரைகுறை வேலை. ஆதார் பதியும்போதே இரண்டு கருவிழிகளும் எடுத்திருக்கிறார்கள். கருவிழியை வேலை தேய்க்காது. கடையில் கண் பார்க்கும் கருவி இருக்கிறதா, ஓடிபி வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உலர்ந்த விரலை ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டு வைப்பதும் சில நேரம் உதவும்.

கேள்வி: சினிமாவில் வில்லன் விரலை வெட்டி எடுத்துப்போய்க் கதவைத் திறக்கிறானே?

அவ்வளவு ரத்தம் வேண்டாம். 2002-ல் ஜப்பானில் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுடோமு மட்சுமோட்டோ குழு, சமையலில் போடும் ஜெலட்டினில் விரல் வார்த்தது. சோதித்த 11 கருவிகளும் ஏமாந்தன. 2013-ல் கைரேகை வைத்த ஐபோன் வெளிவந்த சில நாள்களிலேயே ஜெர்மனியின் ஹேக்கர்கள் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், கண்ணாடியில் பதிந்திருந்த ரேகையிலிருந்து போலி விரல் செய்து திறந்து காட்டியது. நம் நாட்டிலும் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்து, போலி அச்சு செய்து, ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் உண்டு. ரேகை ரகசியமே இல்லை. டீ குடித்த கிளாஸில் விட்டுவிட்டு வருகிறோம்.

ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அடிக்கடி விரல் வைக்கத் தேவையில்லாதவர்கள் பூட்டிவிடுங்கள், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

கேள்வி: ஒரு தடவை களவு போனால் கடவுச்சொல்லை மாற்றலாம். விரலை?

பத்து வாய்ப்புதான் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் ரேகைகள் களவு போயின. இப்படி நடக்கும் என்று எண்ணித்தான் 2001-லேயே ஐபிஎம் ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: ரேகையை அப்படியே சேமிக்காமல், திரும்ப மீட்க முடியாத விதத்தில் வேண்டுமென்றே குலைத்து வைப்பது. களவு போனால் வேறு விதமாகக் குலைத்துப் புதிதாகப் பதியலாம். யோசனை அழகானது. ஆனால் குலைக்கக் குலைக்க ஆளை அடையாளம் காணும் துல்லியமும் குறைகிறது.

கேள்வி: இரட்டையர்கள்?

ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் கருவிழி வேறு வேறு. உங்கள் இடக்கண்ணும் வலக்கண்ணுமே ஒன்றுக்கொன்று அந்நியர்கள். முகம் பார்த்துத் திறக்கும் போன்தான் இரட்டையரிடம் தடுமாறும்.

கேள்வி: என் போனில் இருக்கும் கைரேகை கம்பெனிக்குப் போகிறதா?

பெரும்பாலான நல்ல போன்களில் போவதில்லை. போனுக்குள்ளேயே தனியாக ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியில் வைக்கப்பட்டு, அங்கேயே ஒப்பிடப்படும். வலைத்தளத்தில் கடவுச்சொல்லுக்குப் பதிலான பாஸ்கீ வைத்து நுழையும்போதும் ரேகை வெளியே போகாது. உள்ளே இருக்கும் ரகசியச் சாவியை எடுக்க ரேகை அனுமதி கொடுக்கிறது, அவ்வளவே. மேலே நான் மாய்ந்து மாய்ந்து விளக்கிய கணிதத்தைப் போன் கம்பெனிகள் தொடவில்லை, வன்பொருளில் ஒரு பெட்டி செய்து பூட்டிவிட்டார்கள். எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் அவர்கள் செய்தது சரி.

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப் போகிறேன். இதில் ஆராய்ச்சி செய்ய எதைப் படிக்கட்டும்?

பிழைதிருத்தக் குறியீடுகளில் தொடங்கம்மா. பிறகு நிகழ்தகவு. கிரிப்டோகிராஃபி புத்தகத்தை மூன்றாவதாகத் திற. சென்னையில் பிறந்த மது சுதன், குறியீட்டுக் கோட்பாட்டில் பெரிய பெயர். 2002-ல் கணினி அறிவியலின் கணிதப் பக்கத்துக்கான நெவன்லின்னா பரிசு வாங்கியவர். அதே ஆண்டில் ஆரி ஜூல்ஸோடு சேர்ந்து, வரிசை தவறிக் கிடக்கும் ரேகைப் புள்ளிகளைக் கொண்டும் ஒரு ரகசியத்தைப் பூட்டும் முறையைச் சொன்னார். பல்லுறுப்புக் கோவைகள் மட்டும் தெரிந்தால் அந்தக் கட்டுரை உனக்குப் புரிந்துவிடும். உடனே வாசி.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் போனை எப்படித் திறக்கிறீர்கள்?

விரலால்தான். பலாப்பழம் உரித்த அன்றைக்கு மட்டும் பின் நம்பர்.