ராத்திரி வந்த பிள்ளை

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் காட்பாடி. லண்டனில் படித்தபோது கேலப் என்ற அமைப்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வீட்டில் அடிபடும் தன்பால் ஈர்ப்பாளர்கள், திருநர்களுக்குத் துணை நிற்பவர்கள். இதற்கென்றே வாழும் மனிதர்களா என்று வியந்தேன். வேலூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து இப்படி ஒன்று தொடங்கலாமா? டிரஸ்டா, சொசைட்டியா? என்ன பெயர் வைக்கலாம்? பெற்றோர் மனமும் நோகாமல் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, பிள்ளைகளை வீட்டுக்கே திருப்பி அனுப்பும் இடமாக அது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டதால் நீக்கியிருக்கிறேன்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். இந்த வயதில் இப்படி ஒன்று செய்யத் தோன்றியதே, அதற்கு உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. கடைசி வரிக்காகத் திட்டவும் வேண்டும்.

டிரஸ்டா சொசைட்டியா என்பதை ஒரு ஆடிட்டரைக் கேளுங்கள், அரை மணி நேர வேலை. பெயரும் முக்கியமில்லை. இங்கிலாந்தில் புரோக்கன் ரெயின்போ என்று ஒரு அமைப்பு இதே வேலைக்காக நாடு முழுவதற்கும் ஹெல்ப்லைன் நடத்தியது, 2016ல் மூடிவிட்டார்கள். அந்த ஹெல்ப்லைனை எடுத்துக்கொண்டது நீங்கள் சொல்லும் கேலப்தான். அந்த கேலப்பும் 1982ல் ஆரம்பித்தபோது லண்டன் போலீஸ் தன்பால் ஈர்ப்பு ஆண்களை நடத்தும் விதத்தைக் கண்காணிக்கத்தான் ஆரம்பித்தது, வீட்டுக்குள் விழும் அடி அப்புறம்தான் வந்தது. அமைப்பு போகும், பெயர் மாறும். போன் அடிக்கும்போது எடுக்க ஒரு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எடுத்து என்ன சொல்வீர்கள்? "அம்மா அப்பாகிட்ட நாங்க பேசறோம், நீ வீட்டுக்குப் போ" என்றா?

1987ல் எனக்கு இருபத்தி நாலு வயது, குடியாத்தத்தில் வாத்தியார் வேலை. எங்கள் தெருவில் கைலி நெய்யும் தறியில் வேலை செய்த பையன் ஒருவன், பத்தொன்பது வயதிருக்கும், ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினான். அவனும் இன்னொரு பையனும் பழகுவது தெரிந்து அண்ணன்கள் அடித்திருக்கிறார்கள். தாடை வீங்கி வாய் திறக்க முடியவில்லை. அம்மா ஒன்றுமே கேட்கவில்லை, இருந்த களியை மோர் விட்டுக் கரைத்துக் கூழாக்கி டம்ளரில் கொடுத்தாள், திண்ணையில் வேண்டாம் என்று கூடத்தில் பாய் போட்டாள். நான்தான் படித்தவன் ஆயிற்றே, காலை முதல் பஸ்ஸில் அவனை ஏற்றி பேரணாம்பட்டு பக்கம் அவன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய், அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசி, "இனிமே கை வைக்க மாட்டோம் சார்" என்று வாக்கு வாங்கி, ஒப்படைத்துவிட்டு வந்தேன். அடித்த அண்ணன்களே எனக்கு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்கள், நானும் குடித்தேன். பையன் தலையைத் தூக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ராத்திரி நம்மைத் தேடி வந்த பிள்ளையைக் காலையில கொண்டுபோய் விட்டுட்டு வந்தியா?" என்றாள். அதோடு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்று மாதம் கழித்து அவனை மறுபடி அடித்தார்கள் என்று தறிக்காரர் சொன்னார். இந்த முறை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது.

இது பழைய கதை என்று சொல்லாதீர்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஆட்கொணர்வு வழக்கு நம் வேலூர் மாவட்டத்து வழக்கு. தன் தோழியோடு வாழ விரும்பிய இருபத்தைந்து வயதுப் பெண். போலீஸே அவளைப் பெற்றோரோடு அனுப்பி வைத்தது. வீட்டில் அடித்தார்கள், "சரியாகிவிட" வேண்டும் என்று ஏதேதோ சடங்கு செய்ய வைத்தார்கள் என்று அவள் நீதிபதிகளிடம் சொன்னாள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவளைத் தோழியோடு போகவிட்டார்கள். கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியில்லை, தானே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று எழுதினார்கள். நீங்கள் ஆசைப்படும் "பேசித் திருப்பி அனுப்புவது" அந்தப் பெண்ணுக்கு எங்கே போய் முடிந்தது பார்த்தீர்களா? லண்டனில் இணையரிடம் அடிபட்டு வருபவர்கள் நிறைய இருப்பார்கள். நம் ஊரிலும் "உன் வீட்டுக்குச் சொல்லிடுவேன்" என்று மிரட்டியே அடிக்கும் காதலர்கள் உண்டு. ஆனால் இங்கே முதல் அடி பெரும்பாலும் பெற்ற கையிலிருந்து விழுகிறது, அதற்கு நாம் அக்கறை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒரு பெண் அப்பா மேலும் அண்ணன் மேலும் மனு கொடுக்கலாம், இது பாதிப் பேருக்குத் தெரியாது, முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள். என் தறிக்காரப் பையனுக்கு அந்தச் சட்டத்தில் இன்றும் இடமில்லை, அவன் ஆண்.

இது மேல்நாட்டுப் பழக்கம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். 2021ல் ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இது முழுசாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். நீங்கள் நாலு பேரும் அதுபோல முதலில் போய் உட்கார்ந்து கேளுங்கள், பெற்ற வீட்டில் அடிபட்டு வரும் பிள்ளைகளை வேலூரிலேயே திருநங்கைகள் வருடக்கணக்காகத் தங்களோடு சேர்த்துக்கொண்டு வருகிறார்கள், எந்தப் பதிவு எண்ணும் இல்லாமல்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. எந்தத் தெரு என்று இங்கே எழுத மாட்டேன், நீங்களும் எந்த நோட்டீசிலும் தங்கும் இடத்தின் முகவரியைப் போடக் கூடாது, அண்ணன்களும் நோட்டீஸ் படிப்பார்கள். தனியாக மெயில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் வாருங்கள், தாழ்ப்பாள் ஒன்று மாற்ற வேண்டியிருக்கிறது.