படத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக்

வணக்கம் அக்கா,

பினாங்கின் பிறையில் எங்கள் தாமான் (குடியிருப்பு) இளைஞர்கள் சேர்ந்து பாலாய் ராயா என்கிற சமூகக் கூடத்தில் இரண்டு நாள் திரைவிழா நடத்தலாம் என்றிருக்கிறோம். பருவநிலை மாற்றம், சூரிய மின்சாரம், காற்றாலை பற்றிய ஆவணப்படங்கள் போடப்போகிறோம். கிடைத்ததெல்லாம் ஆங்கிலம், ஒன்றிரண்டு மலாய். கீழே தமிழில் எழுத்து ஓடவிடலாமா என்று யோசிக்கிறோம். "இதையெல்லாம் யாருப்பா பாப்பா, நடுவுல ஒரு ரஜினி படம் போடுங்க, கூட்டம் வரும்" என்கிறார் குழுவில் ஒரு பெரியவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பிறையிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

கடிதம் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். ரஜினி படம் வேண்டாம். கூட்டம் வரும், அந்தப் படம் முடிந்ததும் எழுந்தும் போய்விடும். எழுத்து ஓடவிடுவதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். எழுபதுகளில் தகவல் இலாகா வேன் வரும். பொழுது சாயும்போதே, காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் வெள்ளைத் திரையைக் கட்டிவிடுவார்கள், பாய், சாக்கு, பலகை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு லயத்து ஜனம் முழுக்க வந்து உட்கார்ந்துவிடும். படம் பேசுவது மலாயில். வேனுக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று தமிழில் சொல்லிக்கொண்டே போவார். ஒரு தடவை திரையில் கொசுப்புழு விரல் தடிமனுக்கு நெளிந்தது. "இது எங்கேயோ இல்லம்மா, உங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற தொட்டியிலதான் நெளியுது" என்றார் அவர். மறுநாள் பால்வெட்டப் போவதற்கு முன்னால் என் பாட்டி அந்தத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார். பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எழுத்து ஓடவிட்டிருந்தால் அவருக்கு அந்தப் படம் வெறும் புழுவாகத்தான் இருந்திருக்கும்.

1946ல் அரசாங்கப் படப்பிரிவான மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்தே நடமாடும் சினிமா வேன்கள் தோட்டம், கம்பம் (மலாய்க் கிராமம்) என்று சுற்றியிருக்கின்றன. நம் பெரியவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான் இது, நீங்கள் மறுபடி கொண்டுவந்தால் போதும். நன்றாகப் பேசக்கூடிய ஒருவரைப் பிடியுங்கள், ஆசிரியரோ, கோயிலில் அறிவிப்புச் செய்கிறவரோ, யாராக இருந்தாலும் சரி. ஆனால் படத்தை முன்கூட்டியே இரண்டு தடவை பார்த்துவிட்டு வரட்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டிருக்க வேண்டாம், திரையில் ஓடுவதற்கும் பிறைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லட்டும். எங்கோ ஒரு நாட்டு நிலக்கரிச் சுரங்கம் திரையில் வருகிறதா, தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது, அந்த நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் கப்பலில் வந்து பேராக்கின் மஞ்சோங் போன்ற இடங்களில் இறங்குகிறது, நம் வீட்டு ஏர்கோன் அதில்தான் ஓடுகிறது என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும்.

அப்புறம், வெளிநாட்டுப் படங்களுக்கு நடுவே உங்கள் ஊர்ப் படம் ஒன்றாவது இருக்கட்டும். 2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரி நினைவிருக்கிறதா? பினாங்கு முழுக்கத் தண்ணீர், தீவிலும் சரி, உங்கள் பக்கத்திலும் சரி. ஏழு பேர் இறந்துபோனார்கள். ஜாலான் பி. ரம்லி பக்கம் இருக்கிற என் சித்தி வீட்டுச் சுவரில் அந்தத் தண்ணீர்க்கோடு இப்போதும் இருக்கிறது, இடுப்புக்கு மேலே, சாமி படத்துக்கு இரண்டு விரல் கீழே. வீட்டுக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது, சித்தி அந்தக் கோட்டின் மேல் மட்டும் அடிக்க விடவில்லை. உங்கள் தாமானிலும் இப்படிச் சுவர்கள் இருக்கும். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, பாட்டிமாரை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, அன்று ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டு ஐந்து நிமிடத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அந்த வெள்ளத்துக்கு எல்லாமே பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று மைக்கில் சொல்லிவிடக் கூடாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்கிற மழை கொட்டித் தீர்க்கிறது, இது உண்மை. அடைத்துக்கொண்ட கால்வாயும், மலைச்சரிவில் வெட்டிய மரமும், கடல் பெருக்கெடுக்கும் நேரமும் அதோடு சேர்கின்றன, இதுவும் உண்மைதான். இரண்டையும் சொன்னால் கேட்கிற ஜனங்கள் உங்களை நம்புவார்கள்.

தணிக்கை பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அதை விட்டுவிடாதீர்கள். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் பொதுத் திரையிடலுக்கும் பொருந்தும். 2013ல் கோலாலம்பூரில் இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தணிக்கை அனுமதி இல்லாமல் காட்டியதற்காக ஒரு மனித உரிமைச் செயற்பாட்டாளர்மீது வழக்குப் போட்டார்கள், 2017ல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் துளியும் உடன்பாடில்லை, இருந்தாலும் தாமான் பிள்ளைகள் அந்தக் கஷ்டத்தில் மாட்டக் கூடாது. படம் எடுத்தவர்களிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், தணிக்கை வாரியத்துக்கும் நேரத்தோடு விண்ணப்பம் போடுங்கள்.

கடைசியாக ஒரு ஆசை. புரொஜெக்டரைப் பாலாய் ராயா மின்சாரத்தில் ஓட்டாதீர்கள். 400 வாட் சோலார் பேனல் ஒன்றும், 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும், இரண்டுக்கும் நடுவே ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும், ஒரு இன்வெர்ட்டரும் போதும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் மூன்றரை யூனிட் தரும். உங்கள் ஒரு பேனல் ஒன்றே கால் யூனிட்டுக்கு மேல் தரும், பேட்டரி நிரம்பிவிடும். புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் சேர்ந்து 400 வாட் இழுத்தாலும் இரண்டு மணி நேரப் படத்துக்கு 0.8 யூனிட்தான் ஆகும். விழாவை மழைக்காலத்தில் வைக்காதீர்கள். பேனலைக் காலையிலேயே வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி சாய்த்து வைத்துவிடுங்கள். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று என்னவென்று கேட்பார்கள், ராத்திரி படத்துக்கு வெயில் பிடிக்கிறோம் என்று சொல்லுங்கள். அந்தப் பெரியவரையே பேனலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள், வருகிறவர்களுக்கு அவர் விளக்கம் சொல்லட்டும்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். முதல் நாள் ஒரு படத்துக்கு மைக்கைப் பிடிக்க நான் வருகிறேன். எந்தப் படம் என்று இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள், நானும் இரண்டு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும்.

அன்புடன்,
அக்கா