வாசகர் கேள்வி – பதில்: வானத்தைப் பார்த்து எழுதும் வீட்டுப்பாடம்

கைப்பேசி வழியே வீட்டுப்பாடம் கொடுக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் ஊன்றிவிட்டது. கோள்களையும் விண்மீன்களையும் அவ்வழியில் கற்பிப்பது குறித்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் 'சூரியக் குடும்பம்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பச் சொன்னேன். வந்த 36 கட்டுரைகளில் 29 ஒரே பத்தியின் நகல். எழுத்துப்பிழைகள்கூட ஒரே இடத்தில் இருந்தன. நகலெடுக்க முடியாத வீட்டுப்பாடம் வானியலில் உண்டா? — அறிவியல் ஆசிரியை, செய்யாறு

பதில்: உண்டு, அம்மையீர். ஏற்கெனவே எழுதிக் கிடக்கும் விடையைக் கேட்டால் பிள்ளைகள் அதை எடுத்துத்தான் தருவார்கள். அதில் அவர்கள் தவறைவிடக் கேள்வியின் தவறே அதிகம். இன்றைக்கு, இந்த ஊரில், அந்தப் பிள்ளையின் கண்முன்னே நடக்கும் ஒன்றைக் கேளுங்கள். அதற்கான விடை எந்த இணையதளத்திலும் இராது.

நான் முதலில் பரிந்துரைப்பது நண்பகல் நிழலை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியைச் சமதரையில் நட்டு, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, காலை 11.40 முதல் 12.50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரம் பன்னிரண்டு மணியாக இராது என்பதே பிள்ளைகளுக்கு முதல் வியப்பு. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. அதற்கு மேற்கே ஒவ்வொரு பாகைக்கும் நான்கு நிமிடம் பிந்தித்தான் சூரியன் உச்சிக்கு வரும். ஆகவே கோயம்புத்தூரின் உச்சிவேளை சென்னையின் உச்சிவேளைக்கு ஏறத்தாழ 13 நிமிடம் பிந்தியது. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால் இந்த நேரம் ஆண்டுக்குள் கால் மணி அளவுக்கு முன்னும் பின்னும் நகரவும் செய்யும். ஒரே ஊரில் 36 பேர் அளந்தாலும் 36 அட்டவணைகளும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போக வழியில்லை. அப்படி ஒத்துப்போனால் என்ன நடந்தது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

இணையம் உண்மையில் உதவுவது இதற்கு அடுத்த படியில்தான். தெற்கே உள்ள ஒரு பள்ளியோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, இரு பள்ளிகளும் ஒரே நாளில் அளந்து அட்டவணைகளைப் பரிமாறிக்கொள்ளுங்கள். சென்னையையும் கன்னியாகுமரியையும் எடுத்துக்கொள்வோம். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கும் மார்ச் 21-ஆம் தேதியளவில், ஒரு மீட்டர் குச்சியின் குட்டையான நிழல் சென்னையில் 23 செ.மீ. அளவும் கன்னியாகுமரியில் 14 செ.மீ. அளவும் இருக்கும். முக்கோணவியல் படிக்காத வகுப்பானால், பத்தில் ஒரு பங்கு அளவில் செங்கோண முக்கோணம் வரைந்து, குச்சியின் உச்சியில் உண்டாகும் கோணத்தைப் பாகைமானியால் அளந்துகொள்ளலாம். முதலாவது 13 பாகை, இரண்டாவது 8 பாகை. வித்தியாசம் 5 பாகை. இவ்விரு ஊர்களுக்கும் இடையே தெற்குவடக்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 556 கி.மீ. ஐந்து பாகைக்கு 556 என்றால் 360 பாகைக்கு 40,032 கி.மீ. பூமியின் துருவவழிச் சுற்றளவு 40,008 கி.மீ. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் கையாண்ட வழி இதுதான்.

மூன்று இடங்களில் கவனம் தேவை. சாலைத் தூரத்தை எடுத்தால் 700 கி.மீ. அளவில் வந்து கணக்கு கெட்டுவிடும். தெற்குவடக்குத் தொலைவே வேண்டும். ஏப்ரல் நடுவில் அளந்தால் சூரியன் இவ்விரு ஊர்களுக்கும் இடையில் நிற்பதால் ஒரு நிழல் வடக்கேயும் மற்றது தெற்கேயும் விழும்; அப்போது கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். மூன்றாவதாக, நிழலை ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தாலே விடை 4,000 கி.மீ.க்கு மேல் பிசகும் என்பதால், விடை 36,000 என்றோ 45,000 என்றோ வந்தால் அதைத் தவறு என்று அடித்துவிடாமல், பிசகு எங்கே நுழைந்தது என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டிச் சென்னையில் உச்சிவேளையில் குச்சிக்கு நிழலே விழாது. அந்த நாளை ஒவ்வொரு பள்ளியும் தன் ஊருக்குக் கண்டுபிடிப்பது தனியே ஓர் அருமையான வேலை.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து, கோள்களை ஒரே அட்டையில் வரிசையாக வரைந்து அனுப்பினாள். அவை இவ்வளவு அருகருகேயா இருக்கின்றன? — ஒரு தாய், திருப்பூர்

பதில்: இல்லை. அந்தப் படங்கள் பக்கத்தில் அடங்குவதற்காகத் தொலைவைச் சுருக்கி வரையப்பட்டவை. உங்கள் மகளோடு சமையலறையிலிருந்தே சரியான அளவில் ஒன்றைச் செய்யலாம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் 14 செ.மீ. விட்டமுள்ள காகித வட்டம். வியாழன் ஒரு சுண்டைக்காய். சனி சற்றுச் சிறிய சுண்டைக்காய். யுரேனசும் நெப்டியூனும் இரண்டு மிளகுகள். பூமியும் வெள்ளியும் ஆளுக்கொரு கேழ்வரகு மணி. செவ்வாய் ஒரு கசகசா. புதன் ரவைத் துகள். காகிதச் சூரியனை வாசற்கதவில் ஒட்டிவிட்டுத் தெருவில் நடந்தால், புதன் 6 மீட்டரிலும் வெள்ளி 11 மீட்டரிலும் பூமி 15 மீட்டரிலும் செவ்வாய் 23 மீட்டரிலும் வரும். அதன்பின் வெறும் தெருதான். வியாழனுக்கு 78 மீட்டர், சனிக்கு 143, யுரேனசுக்கு 287, நெப்டியூனுக்கு 450 மீட்டர் போக வேண்டும். அத்தொலைவைக் கைப்பேசி வரைபடத்தில் அளந்துகொள்ளலாம். கேழ்வரகைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிக் கதவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மணியிலிருந்து நிலா நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. மனிதர் கால்பதித்த மிகத் தொலைவான இடம் அதுவே. இதே அளவில் சூரியனுக்கு அடுத்த விண்மீன் 4,000 கி.மீ.க்கு அப்பால் இருக்கும்; திருப்பூரிலிருந்து புறப்பட்டால் டெல்லியைத் தாண்டியும் வெகுதூரம் போக வேண்டும்.

கேள்வி: வியாழனின் நிலாக்களைப் பற்றி ஒப்படைப்பு செய்ய வேண்டும். என்னிடம் தொலைநோக்கி இல்லை. வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலி மட்டும் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம்? — ஒன்பதாம் வகுப்பு மாணவன், அருப்புக்கோட்டை

பதில்: நிறையச் செய்யலாம், தம்பி. 1610-ஆம் ஆண்டு ஜனவரி 7 அன்று கலிலியோ வியாழனுக்கு அருகில் மூன்று சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். ஒரு வாரத்துக்குள் நான்காவதும் அவர் கண்ணில் பட்டது. அவையே அயோ, யூரோப்பா, கனிமீட், காலிஸ்டோ. ஸ்டெல்லேரியத்தில் வியாழனைப் பெரிதாக்கி நிறுத்திக்கொண்டு, நேரத்தை நகர்த்தி, ஒவ்வொரு நிலாவும் வியாழனின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வியாழனின் விட்டத்தை அலகாகக் கொண்டு குறித்து வா. தினம் ஒருமுறை மட்டும் குறித்தால் காலிஸ்டோ பிடிபடும், அயோ பிடிபடாது, அது 1.77 நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுவதால், மூன்று மணிக்கு ஒருமுறை குறித்தால்தான் அதன் அலை ஒழுங்காக வரும். வரைபடத்தாளில் புள்ளிகளை இணைத்தால், ஒவ்வொன்றும் எட்டும் மிகப் பெரிய தொலைவு 3, 4.7, 7.5, 13.2 விட்டங்கள் என்றும், சுற்றுக்காலம் 1.77, 3.55, 7.15, 16.69 நாள்கள் என்றும் கிடைக்கும். சுற்றுக்காலத்தின் வர்க்கத்தைத் தொலைவின் கனத்தால் வகுத்துப் பார். நான்குக்கும் ஏறத்தாழ 0.12 என்ற ஒரே எண் வரும். கெப்ளரின் மூன்றாம் விதி சொல்வது அதைத்தான்.

ஆனால் ஒன்றை ஒப்படைப்பில் மறைக்காமல் எழுது: செயலி காட்டுவது வானத்தை அல்ல, வானத்தைப் பற்றிய கணக்கை. கெப்ளரும் நியூட்டனும் கண்ட விதிகள் அதற்குள் முன்பே ஊட்டப்பட்டிருப்பதால், நீ அங்கே கண்டெடுப்பது உள்ளே வைக்கப்பட்டதையே. ஆகையால் வியாழன் இரவில் தெரியும் மாதமாகப் பார்த்து, யாரிடமேனும் ஓர் இரவுக்கு இருகண் நோக்கியை இரவல் வாங்கு. பத்து மடங்கு பெருக்குவது போதும். கை ஆடாமல் இருக்க மாடிச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பிடி. தெரியும் புள்ளிகளை முதலில் தாளில் வரைந்துவிட்டு, அதன் பிறகே செயலியைத் திறந்து ஒப்பிடு. இந்த வரிசை மாறக் கூடாது.

கேள்வி: ஆகஸ்ட் மாதத்தில் செவ்வாய் நிலாவைப் போலப் பெரிதாகத் தெரியும் என்ற செய்தி எங்கள் வகுப்புக் குழுவில் வந்தது. உண்மையா? — மாணவி, தருமபுரி

பதில்: உண்மையில்லை. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் 5.58 கோடி கி.மீ. வரை நெருங்கி வந்தது. அன்றைக்கும்கூட அது நிலாவைவிட 145 மடங்கு தொலைவில் இருந்தது. செவ்வாயின் விட்டம் நிலாவின் விட்டத்தைப்போல் இரு மடங்குதான். இரண்டை 145-ஆல் வகுத்து, விடையைக் குழுவில் பதிவிடவும்.

கேள்வி: கோள்கள் எவை என்று கேட்டால் பிள்ளைகள் நவக்கிரகங்களை எழுதுகிறார்கள். தவறு என்று குறித்தால், குழுவில் அதைப் படிக்கும் பெற்றோர் வருந்துகிறார்கள். சுற்றிலும் நவக்கிரகத் தலங்கள் உள்ள ஊர் எங்களுடையது. என்ன செய்வது? — ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கேள்வியை மாற்றுங்கள். 'கோள்கள் எவை' என்று பொதுவாகக் கேட்காமல், 'சூரியனைச் சுற்றிவரும் கோள்கள் எவை' என்று கேட்டால் விடையில் குழப்பம் இராது. பழைய வானநூலார் விண்மீன்களுக்கிடையே இடம் மாறிச் செல்பவற்றையே கிரகங்கள் என்றார்கள். அந்த வரையறைப்படி சூரியனும் சந்திரனும் சேர்ந்தே ஆக வேண்டும். ராகுவும் கேதுவும், ஏறத்தாழ 5 பாகை சாய்ந்த நிலாவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். கிரகணம் அப்புள்ளிகளின் அருகில் மட்டுமே நிகழும் என்பது இன்றைய வானியலும் ஏற்கும் உண்மை.

பெற்றோரையும் இழுத்துக்கொள்ளும் ஒரு வீட்டுப்பாடத்தை இங்கே கொடுக்கலாம். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி, ராகு–கேது பெயர்ச்சி எத்தனை காலத்துக்கு ஒருமுறை வருகின்றன என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதி, அதைப் பன்னிரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். குருவுக்கு ஓராண்டு என்றால் பன்னிரண்டு ஆண்டுகள். வியாழனின் சுற்றுக்காலம் 11.86 ஆண்டுகள். சனிக்கு இரண்டரை ஆண்டு என்றால் முப்பது. சனியின் சுற்றுக்காலம் 29.5. ராகு–கேதுவுக்கு ஒன்றரை ஆண்டு என்றால் பதினெட்டு. அப்புள்ளிகள் ஒரு சுற்று வரும் காலம் 18.6 ஆண்டுகள். பஞ்சாங்கம் 'வக்கிரம்' என்று குறிப்பது, உள்வட்டத்தில் விரைந்து செல்லும் பூமி வெளிக்கோளை முந்தும்போது அது பின்னோக்கிப் போவதாகத் தோன்றும் காட்சி. பாட்டி சொன்ன எண்ணிலிருந்து பேத்தி சுற்றுக்காலத்தைக் கணக்கிட்டு அனுப்பும்போது, பெற்றோர் வருந்துவதற்கு அதில் ஒன்றும் இராது. கார்த்திகைப் பௌர்ணமியன்று நிலாவுக்கு அருகில் கார்த்திகைக் கூட்டத்தையும், சித்திரைப் பௌர்ணமியன்று சித்திரை விண்மீனையும் தேடச் சொல்லுங்கள். மாதங்களின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: என் மாணவர் பலருக்குச் சொந்தக் கைப்பேசி இல்லை, தந்தை வேலை முடிந்து வந்த பிறகே ஒன்று கிடைக்கும், அதிலும் டேட்டா குறைவு. இவர்களுக்கு இணையவழி ஒப்படைப்பு கொடுப்பது நியாயமா? மதிப்பெண் எப்படி இடுவது? — தலைமையாசிரியர், பரமக்குடி

பதில்: காணொளிகளைப் பார்க்கச் சொல்லும் ஒப்படைப்பானால் நியாயமில்லை. வேலை முழுவதும் நோட்டுப் புத்தகத்தில் நடந்து, வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தின் ஒரே ஒரு புகைப்படம் மட்டும் அனுப்பப்படுமானால், கைப்பேசி பத்து நிமிடம் கிடைத்தால் போதும். அமாவாசை கழிந்த மூன்றாம் நாளிலிருந்து எட்டு நாள்கள், மாலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் ஒரே இடத்தில் நின்று, எதிரே தெரியும் தென்னையையோ தண்ணீர்த் தொட்டியையோ அடையாளமாக வைத்து நிலாவை வரையட்டும். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ பத்துப் பாகை. அதைக் கொண்டு, நேற்று நின்ற இடத்திலிருந்து நிலா எத்தனை முட்டி கிழக்கே நகர்ந்திருக்கிறது என்று அளக்கட்டும். நாளொன்றுக்கு ஒரு முட்டிக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

மதிப்பெண்ணை விடைக்கு இடாமல் பதிவுக்கு இடுங்கள். 'மேகம், தெரியவில்லை' என்று உள்ளபடி எழுதிய நாளுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டால், இல்லாத நிலாவை யாரும் வரைய மாட்டார்கள். நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவி அனுப்பிய பக்கத்தில் ஐந்தாம் கட்டம் வெறுமையாக இருந்தது; அதற்குள் 'மழை' என்ற ஒரு சொல் மட்டும். ஆறாம் கட்டத்தில் நிலா இரண்டரை முட்டி தள்ளி வரையப்பட்டிருந்தது. அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: "நேற்று நான் பார்க்கவில்லை. ஆனாலும் அது நகர்ந்திருக்கிறது."