நகையை அடைவு வைத்து முதலிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காலபோக நெல்லை விற்றதில் ஐந்து இலட்சம் ரூபா கையில் இருக்கிறது. கணவரின் உறவினர் ஒருவர் கைபேசிச் செயலி ஒன்றில் பணம் போடச் சொல்கிறார். மாதம் 12 சதவீதம் தருவார்களாம். அவருக்கு மூன்று மாதமாக ஒழுங்காக வந்திருக்கிறது. என்னிடமுள்ள ஆறு பவுண் நகையையும் அடைவு வைத்துச் சேர்த்துப் போடலாமா ஐயா?
– வாசகி, தருமபுரம்

பதில்: வேண்டாம், சகோதரி. நகையை அடைவு வைக்கவும் வேண்டாம், நெற்காசை அந்தச் செயலியில் போடவும் வேண்டாம்.

மாதம் 12 சதவீதம் என்றால், வரும் பணத்தையும் திரும்ப அதிலேயே போட்டு வந்தால், ஐந்து இலட்சம் ஆறே மாதத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகி, இரண்டு ஆண்டில் 75 இலட்சத்தைத் தாண்ட வேண்டும். அப்படி விளையும் தொழில் எதுவும் இல்லை. உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பணம் வந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் போட்ட பணம். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க, அந்த ஐவரும் தலைக்கு ஐந்து பேரைச் சேர்க்க என்று போனால், எட்டாவது படியில் மட்டும் 390,625 பேர் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் உங்கள் கிளிநொச்சி மாவட்டம் முழுவதிலும் இருந்தவர்கள் சுமார் 113,500 பேர்தான். ஆள் தீரும் இடத்தில் பணமும் தீர்ந்துவிடும். இத்தகைய திட்டங்களைத் தொடங்குவதையும் அவற்றுக்கு ஆள் சேர்ப்பதையும் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் தடை செய்கிறது.

பரந்தனில் ஒரு தாய் தன் கைபேசியை என்னிடம் நீட்டிக் காட்டினார். திரையில் மீதி 1,840,000 ரூபா என்றிருந்தது. பணத்தை எடுப்பதற்கான பொத்தானை அழுத்தியதும், முதலில் வரியாக 90,000 ரூபா கட்டும்படி ஒரு செய்தி வந்தது. அதைக் கட்டுவதற்கு மிஞ்சியிருந்த தோட்டையும் அடைவு வைக்கலாமா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். அடைவுச் சீட்டுகளை மடித்து ஒரு பால்மா ரின்னுக்குள் வைத்திருந்தார். உண்மையான வரி எதுவும் இப்படி உங்கள் பணத்தை விடுவிப்பதற்கு முன்பணமாகக் கேட்கப்படுவதில்லை.

வன்னியில் நகை வெறும் ஆபரணமல்ல என்பதை நான் அறிவேன். 2009இல் வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டவர்கள் உடலோடு கொண்டுபோக முடிந்தது அதைத்தான். மருத்துவச் செலவுக்கோ விதைநெல்லுக்கோ அடைவு வைத்து, அறுவடையோடு மீட்பது வேறு விடயம். இலாபம் வரும் என்ற நம்பிக்கையில் அடைவு வைத்தால், இலாபம் வராத மாதத்திலும் அடைவு வட்டி ஏறிக்கொண்டே போகும்; தவணைக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

ஐந்து இலட்சத்தை உங்கள் வயலின் காலக்கணக்கோடு பொருத்திப் பாருங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் உங்களுக்குச் சிறுபோகப் பங்கு கிடைத்தால், அதற்கான செலவைச் சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே வையுங்கள். அடுத்த காலபோகத்து உழவுக்கும் உரத்துக்கும் வேண்டியதை மார்ச்சில் ஆறுமாத நிலையான வைப்பில் இட்டால், செப்ரெம்பரில், தேவைப்படும் வேளையில், அது முதிர்ந்து கைக்கு வரும். எஞ்சியதை மட்டும் ஒரு வருடத்துக்குப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குப் போட்டுவிட்டு இடையில் உடைத்தால் வட்டியில் பெரும்பகுதியை இழப்பீர்கள். உரிமம் பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு; உங்கள் தொகை முழுவதும் அதற்குள் அடங்கும். கூட்டுறவுச் சங்க வைப்புகள் இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. உரிமம் உண்டா என்ற ஐயம் இருந்தால், மத்திய வங்கியின் கிளிநொச்சிப் பிராந்திய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

கேள்வி: இருபது பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபா கழிவுச் சீட்டுப் பிடிக்கிறோம். இது சேமிப்பா, கடனா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: எத்தனையாம் மாதம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதம் சேரும் 200,000 ரூபாவில், மூன்றாம் மாதத்தில் 35,000 ரூபாவைக் கழிவாக விட்டுக்கொடுத்து எடுத்தால் உங்கள் கைக்கு வருவது 165,000 ரூபா. அந்தக் கழிவு இருபது பேருக்கும் 1,750 ரூபா வீதம் பிரிய, அந்த மாதம் ஒவ்வொருவரும் 8,250 ரூபா கட்டினால் போதும். முன்னால் எடுப்பவருக்கு இது கடன், கழிவுதான் அவர் கொடுக்கும் வட்டி. கடைசிவரை பொறுப்பவருக்கு இது சேமிப்பு. முன்னால் எடுத்தவர் கட்டாமல் விட்டால் அதிகம் இழப்பவரும் அந்தக் கடைசி ஆள்தான். ஆகவே சீட்டுப் பிடிப்பவரின் கொப்பியில் மட்டுமல்லாமல் உங்கள் கொப்பியிலும் மாதம்தோறும் எழுதி, அவருடைய கையொப்பத்தையும் வாங்குங்கள். முகம் தெரியாதவர்களோடு வாட்ஸ்அப் குழுவில் பிடிக்கும் சீட்டில் சேராதீர்கள்.

கேள்வி: என் நிலையான வைப்பின் வட்டியில் 10 சதவீதம் கழிக்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் எனக்கும் இது பொருந்துமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

பதில்: முன்பு 5 சதவீதமாக இருந்த இந்தக் கழிப்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10 ஆனது. உங்கள் ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவுக்கு மேற்படாவிட்டால், அதைத் தெரிவிக்கும் சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்துக் கழிக்காமல் செய்யலாம். ஐந்து இலட்சத்துக்கு 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 40,000 ரூபா. அதில் கழிக்கப்படும் 4,000 ரூபா, படிவம் கொடுத்தால் உங்களுக்கே மிஞ்சும். வரியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், படிவத்தை அந்த மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள், ஐயா. ஏற்கெனவே கழித்த தொகையை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் மீளக் கோரலாம். அதற்கு வங்கி தரும் கழிப்புச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.