கயிற்றைப் பிடித்தால் நடக்க மறுக்கும் குதிரைக்குட்டியை எப்படிப் பழக்குவது?

உங்கள் பெண் குட்டிக்கு ஒன்றரை வயது என்றும், தலைக்கயிறு மாட்டவும் உடம்பைத் தேய்த்துவிடவும் அது இடம் கொடுக்கிறது என்றும், ஆனால் கயிற்றைப் பிடித்து நான்கடி நடத்தலாம் என்று இழுத்தால் நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிடுகிறது என்றும், பின்னாலிருந்து ஒருவர் குச்சியால் தட்டினால் முன்னங்கால்களைத் தூக்கி எழுந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது பிறவிப் பிடிவாதமா, பழக்கினால் மாறுமா என்பது உங்கள் கேள்வி. மாறும். நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கினால் ஓரிரு வாரங்களில் நீங்களே வேறுபாட்டைப் பார்ப்பீர்கள்.

எனக்கு வாய்த்த குட்டியும் இப்படித்தான் இருந்தது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் வாங்கிய மார்வாரி என்னும் ராஜஸ்தான் குதிரையினத்தின் கலப்புக் குட்டி அது. வண்டியிலிருந்து இறக்கிய இடத்துக்கும் லாயத்துக்கும் முப்பதடி தூரம்கூட இல்லை. அந்த முப்பதடியைக் கடக்க மூன்று ஆட்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் சுழியைத்தான் பார்த்தார்கள். நெற்றிச் சுழி மேலே ஏறியிருக்கிறது, இப்படிப்பட்ட குதிரை சொன்னபடி கேட்காது என்றார் ஒருவர். காலம் கடத்தாமல் விற்றுவிடச் சொன்னார் இன்னொருவர். சுழி பார்த்து வாங்குவது நெடுநாள் வழக்கம், அதைப் பற்றி இங்கே வாதிடப் போவதில்லை. ஆனால் பழக்கத் தெரியாத நம் கையின் தவறு குட்டியின் நெற்றிக்கு ஏறிவிடுகிறது என்பதும், அப்படிப் பழி சுமந்த குட்டிகள் கை மாறிக் கை மாறி அடிபட்டே வளர்கின்றன என்பதும் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

உங்கள் குட்டி ஏன் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். தலைக்கயிற்றின் மேல்பட்டை குதிரையின் காதுகளுக்குப் பின்னால், உச்சியில் படிந்திருக்கிறது. நீங்கள் முன்னாலிருந்து இழுக்கும்போது அந்த உச்சி அழுந்துகிறது. அழுத்தம் ஏற்பட்டால் அதற்கு எதிராகத் தள்ளுவதுதான் பழகாத குதிரையின் இயல்பு. அழுத்தத்துக்கு இணங்கி அடியெடுத்து வைப்பது அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம். ஒன்றரை வயதுக் குட்டியின் எடை இருநூறு கிலோவைத் தாண்டியிருக்கும், ஆகவே பலத்தால் நீங்கள் வெல்லப் போவதில்லை. போதாக்குறைக்கு, இழுப்பவர் பெரும்பாலும் குட்டியின் முகத்துக்கு நேரே திரும்பி, கண்ணோடு கண் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னே மிக அருகிலும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் தெரியாது. நேர் முன்னே ஒருவர் இழுக்க, நேர் பின்னே ஒருவர் தட்ட, நடுவில் அகப்பட்ட குட்டிக்கு மேலே எழுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அது எழுந்ததும் பயந்து நீங்கள் கயிற்றைத் தளர்த்தியிருப்பீர்கள். எழுந்தால் கயிறு தளரும் என்ற பாடத்தை அது அந்த நொடியில் கற்றுக்கொண்டது.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் உங்கள் சிக்கலும் இருக்கிறது, அதற்கான வழியும் இருக்கிறது. கயிறு இறுகும்போது குதிரை எதையும் கற்பதில்லை. தளரும்போது தான் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையே அது மனத்தில் பதித்துக்கொள்கிறது. எனக்கு இதைக் காட்டியவர் பக்கத்து ஊரில் இளமை முழுவதும் குதிரை வண்டி ஓட்டிய ஒரு பெரியவர். நான் இழுத்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கயித்த விடுங்க தம்பி, அது வரும்" என்றார். கயிற்றைக் கைவிடச் சொல்கிறார் என்று நினைத்தேன். தளர்த்த வேண்டிய நேரம் எது என்று அவர் தன் கையாலேயே செய்து காட்டிய பிறகுதான் புரிந்தது.

தொடங்குவதற்கு முன் வலி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான்கு குளம்புகளையும் தூக்கி, அடியில் கல்லோ ஆணியோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தலைக்கயிறு காதின் பின்புறத்தை உராய்ந்து புண்ணாக்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூக்கின் மேல் வரும் பட்டை கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும். அதற்கும் கீழே இறங்கினால் மூக்கெலும்பின் மெல்லிய நுனியை அழுத்தும்.

பிடிகயிறு பருத்தி நூலில் பருமனாகத் திரித்ததாக, பத்திலிருந்து பன்னிரண்டு அடி நீளத்தில் இருந்தால் நல்லது. மெல்லிய நைலான் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மிச்சக் கயிற்றை மடித்து மடித்துப் பிடியுங்கள். குட்டி மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு விரலையே எடுத்துக்கொண்டு போகும்.

குட்டிக்கு இடப்புறம், அதன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, நடக்க வேண்டிய திசையைப் பார்த்து நில்லுங்கள். நேராக முன்னால் இழுக்காமல் சற்றுப் பக்கவாட்டில், உங்கள் பக்கமாகக் கயிற்றை மெல்ல இறுக்குங்கள். நேராக இழுத்தால் குட்டி நான்கு கால்களிலும் எடையைப் பரப்பி ஊன்றிவிடும்; பக்கவாட்டில் தலை திரும்பினால் அந்த ஊன்றல் கலைந்து, விழாமல் நிற்பதற்காவது ஒரு முன்னங்காலை அது நகர்த்தியாக வேண்டும். கயிறு இறுகியதும் அந்த அளவிலேயே பிடித்திருங்கள். வெட்டி வெட்டி இழுக்க வேண்டாம், பேச வேண்டாம், முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகலாம்.

இப்படிப் பழக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மாலை என் குட்டியிடம் நான் கண்டதைச் சொல்கிறேன். கயிறு இறுகியிருந்தது, வளைந்த காதுகள் இரண்டும் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன, மூக்குத் துளைகள் விரிந்திருந்தன. கால் எதுவும் நகரவில்லை. ஆனால் நெஞ்சுத் தசை ஒரு முறை துடித்தது, இடத் தோள் அரை அங்குலம் முன்னே சாய்ந்தது. அந்த நொடியிலேயே கயிற்றை முழுதும் தளர்த்திவிட்டேன். குட்டி அசையாமல் நின்றது. பிறகு தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, வாயில் ஏதோ இருப்பதைப் போல மென்றது. அடுத்த முறை அரை நிமிடத்தில் ஓர் அடி வைத்தது. அதற்கடுத்த முறை கயிறு இறுகுவதற்கு முன்பே இரண்டடி வந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த அரை அங்குலத்தைத்தான் பலர் தவற விடுகிறார்கள். முழு அடி வைக்கட்டும், அப்புறம் தளர்த்தலாம் என்று காத்திருந்தால், முயன்றும் பலன் இல்லை என்று குட்டி முடிவு கட்டிவிடும். முதல் இரண்டு நாட்களுக்கு எடை சற்று முன்னே சாய்ந்தாலே போதும், உடனே தளர்த்துங்கள்.

ஒவ்வொரு முறை இணங்கும்போதும் பிடரி முடி முடிகிற இடத்தில், கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் கொறித்துக்கொடுப்பது பெரும்பாலும் அங்கேதான். அந்த இடத்தைச் சொறியும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். வெல்லமோ கேரட்டோ கையில் கொடுத்துப் பழக்காதீர்கள் என்பது என் கருத்து. இந்த வயதுக் குட்டி மிக விரைவில் கையைக் கடிக்கக் கற்றுக்கொள்ளும். கொடுக்க விரும்பினால் பயிற்சி முடிந்த பிறகு தொட்டியில் கொள்ளோடு போட்டுவிடுங்கள்.

பின்னாலிருந்து தட்டும் ஆளை அனுப்பிவிடுங்கள். பத்து அடி நடக்கத் தொடங்கியபின் வேகம் தேவைப்பட்டால், நீங்களே இடக் கையில் மூன்றடிக் குச்சி ஒன்றைப் பிடித்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அதன் விலாவை லேசாகத் தொடுங்கள். அது நகர்ந்ததும் குச்சியை எடுத்துவிடுங்கள். குட்டி எழுந்தால் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் விலகி, கயிற்றில் கொஞ்சம் இடம் கொடுங்கள். கால்கள் தரையில் பட்டதும் எதுவும் நடக்காதது போல மீண்டும் பக்கவாட்டில் கயிற்றை இறுக்குங்கள். அது எழுந்ததோடு அன்றைய பயிற்சி முடிந்துபோகக் கூடாது. கீழே நின்று ஓர் அடியாவது வைத்த பிறகு முடியுங்கள்.

நடை பழகியதும் நிறுத்தம், இரண்டடிப் பின்னடை, வலப்புறம் திரும்புதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வலப்புறம் நின்று நடத்தவும் பழக்குங்கள். இடப்புறத்தில் கற்றது வலப்புறத்திலும் தானாகவே வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, கொஞ்சம் திரும்பக் கற்பிக்க வேண்டியிருக்கும். சாலைக்கு அழைத்துப்போகும் முதல் சில முறைகளில் அமைதியான பெரிய குதிரை ஒன்று உடன் வந்தால் நல்லது.

கட்டிப்போடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் அவசரப்பட்டேன். வந்த முதல் வாரத்திலேயே, தானே இழுத்துப் பார்த்து அடங்கட்டும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, வேப்பமரத்தில் இறுக்கிக் கட்டினேன். குட்டி முழு பலத்தோடு பின்னோக்கி இழுத்து, கயிறு அறுந்து, மல்லாந்து விழுந்தது. தலை வேரில் மோதாமல் தப்பியதே பெரிது. கழுத்து வீங்கி, பத்து நாள் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்தது. வாளியைத் தூக்கிப் பிடித்துத்தான் குடிக்க வைத்தோம். இந்த வயதில் கழுத்தெலும்பு முற்றியிருக்காது என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

ஆகவே கையில் பிடித்த கயிறு லேசாக இறுகியவுடன் தயங்காமல் முன்னே வரும் அளவுக்குக் குட்டி தேறிய பிறகே கட்டுங்கள். கட்டும் இடம் அதன் முதுகு உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. தலைக்கும் முடிச்சுக்கும் இடையே ஒரு கை நீளம் மட்டும் விடுங்கள், அதிகம் விட்டால் கால் சிக்கும். ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாகப் போடுங்கள். வளையத்தில் நேரே கட்டாமல், நடுவே மெல்லிய சணல் கயிறு ஒன்றைக் கோத்து அதில் கட்டினால், குட்டி மிரண்டு இழுக்கும்போது சணல் அறுந்து கழுத்து தப்பும். முதல் பத்து நாட்களாவது, கட்டியிருக்கும் நேரம் முழுவதும் நீங்கள் அதன் கண்ணில் படும்படி அருகிலேயே இருங்கள்.